புல்லின் நடுவே பட்டினி

முல்லைத் திணையைக் கற்பிக்கப் புகும் தமிழாசிரியர் முதலிற் செய்வது கரும்பலகையை மூன்றாகப் பிரிப்பது. முதல், கரு, உரி என்று தலைப்பிட்டபின் காடும் காடு சார்ந்த இடமும், காரும் மாலையும், ஆயரும் நிரையும், இருத்தலும் இருத்தல் நிமித்தமும் என்று நிரப்பிக்கொண்டு போகலாம். மாணவர் எழுதிக்கொள்வர், பரீட்சையில் ஒப்புவிப்பர், புள்ளி பெறுவர். கார் வந்தது, தலைவன் தேர் வரவில்லை, தலைவி ஆற்றியிருந்தாள் என்ற அளவில் முல்லை முடிந்துவிடும். நிரை மேய்த்தவனுக்கு அந்தக் காரிலே நேர்ந்தது யாது என்று வினாத்தாள் கேட்பதில்லை. சங்கப் புலவர் அவனை மறந்தாரல்லர். மழையில் நனைந்தவாறு மந்தையோடு நிற்கும் இடையனை அவர்கள் கண்ணாரக் கண்டிருக்கின்றனர். பிற்காலத்து வாய்பாடுதான் அவனைக் கருப்பொருட் பட்டியலில் ஒரு சொல்லாகச் சுருக்கிவிட்டது.

நாம் படிப்பிக்கும் பாடசாலை தரவையொன்றின் ஓரத்தில் அமைந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதனையடுத்த தீவுகளிலும் கடலோரமாகக் கிடக்கும் பொதுப் புல்வெளியே தரவை. மாரியில் வெள்ளம் நிற்கும். வெள்ளம் வடிந்ததும் அறுகும் கோரையும் பாய் விரிக்கும். சோளகம் எழுந்து வீசத் தொடங்கியபின் உவர் பூத்து வெளிறிவிடும். அங்கே மேய்வன பெரும்பாலும் செம்மறிகள்; எம்மூரார் வாயில் கொறியாடுகள். மரபியல் ஆட்டின் இளமைக்கு வழங்கிய ‘மறி’ என்னும் பெயர் அச்சொல்லின் உள்ளே இன்றும் கிடக்கின்றது. கம்பளிக்கு உதவாத குறுமயிர், சிறிய உடல், வெய்யிலைத் தாங்கும் திறன் ஆகிய இவையே யாழ்ப்பாண நாட்டுச் செம்மறியின் இலக்கணம்.

இவற்றை வைத்திருப்போர் தோட்டக் காணியும் நீரிறைக்கும் இயந்திரமும் உடையவர் அல்லர். காணியில்லாதவர், கணவனை இழந்த பெண்கள், கடற்றொழில் தளர்ந்த முதியவர், பாடசாலை விட்டதும் தடியெடுக்கும் சிறுவர் ஆகியோரே மேய்ப்பர். ஆடு அவர்களுக்கு வங்கி. பிள்ளையின் பரீட்சைச் செலவுக்கும் ஆசுபத்திரிக்குப் போய்வரும் செலவுக்கும் ஒரு கிடாய் விலைப்படும். அறுவடை முடிந்த வயலில் இரவில் பட்டி அடைத்தால் எருவுக்காகக் காணிக்காரர் ஏதாவது கொடுப்பர். 2021இல் இரசாயனப் பசளையின் இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, அதுவரை ஆட்டுப்பட்டியின் நாற்றத்தைப் பற்றி முறையிட்டவர்களே ஆட்டெரு கேட்டுப் படலையடியில் நின்றதையும் கண்டோம்.

இலக்கியச் சஞ்சிகையிலே ஆட்டுக்குட்டியின் வயிற்றைப் பற்றிய கட்டுரைக்கு இடமுண்டா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். மனிதர் எதனால் வாழ்கின்றனர் என்பது இலக்கியத்தின் விடயமாயின், அது எதனால் அழிகின்றது என்பதும் அதன் விடயமே.

எமது வகுப்பில் ஒரு மாணவன் ஒவ்வோராண்டும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் அடிக்கடி வராது நின்றுவிடுவான். ஒரு நாள் அவன் வீட்டுக்குச் சென்றோம். முற்றத்தில் மூன்று மாதக் குட்டியொன்று படுத்திருந்தது. தாடைக்குக் கீழே சிறு பை தொங்குவது போன்ற வீக்கம். வேறு காயமோ கழிச்சலோ இல்லை. அவனுடைய பேர்த்தியார் அதனருகில் இருந்து, எம்மைப் பார்த்தும் பாராமலும் சொன்னார்: “மழை பெய்யாட்டி ஆடு மெலியும், மாஸ்ரர்; சாகாது. புல்லைக் கண்டாப் பிறகுதான் குட்டியள் சாகுது.”

பேர்த்தியாரின் இவ்வாக்கியம் ஓர் அவதானிப்பு. இதற்கு ஊரில் வழங்கும் விளக்கங்களோ அதனிலும் கீழ்ப்பட்டவை. கண்ணூறு என்பர் சிலர். விதி என்பர் வேறு சிலர். மேய்க்கத் தெரியாதவர் கையில் ஆடு தங்குமா என்பது வசதியுடையோரின் தீர்ப்பு. புல் கிடக்கின்றது, ஆடு தின்னுகின்றது, வளர வேண்டியதுதானே, இதற்கு மேல் என்ன இருக்கின்றது என்று கேட்கும் பட்டணத்து அன்பர்களுக்கும் குறைவில்லை. அவர்களுக்குத்தான் முதலில் விடை சொல்லல் வேண்டும்.

பிறந்த குட்டிக்குப் புல் உணவே அன்று. இரைமீட்கும் விலங்கின் இரைப்பை நான்கு அறைகளை உடையது என்பதை எட்டாம் வகுப்பு மாணவரும் அறிவர், படமும் வரைவர். அவர்கள் வரைவது வளர்ந்த மாட்டின் இரைப்பை. அதில் அசையூண் அறை பானைபோல் வயிற்றை நிறைத்திருக்கும். பிறந்த குட்டியின் வயிற்றிலோ அந்தப் பானை இன்னும் வனையப்படவில்லை. எம் வயிற்றை ஒத்த நான்காவது அறையே மொத்த இரைப்பையிற் பாதிக்கும் மேலாக இருக்கும். குட்டி முலையை உறிஞ்சும்போது உணவுக்குழாயின் முடிவில் ஒரு தசைமடிப்பு வாய்க்கால்போல் மூடிக்கொண்டு, பாலை முதலறைகளில் விழவிடாது நேரே அந்த நான்காவது அறைக்குக் கொண்டுசெல்லும். அதாவது அந்த நாட்களில் குட்டி ஆடாக இல்லை; எம்மைப்போலவே பால் குடிக்கும் ஒற்றை வயிற்றுப் பிராணியாக இருக்கின்றது.

அக்காலத்தில் அதனைக் காப்பது கடும்புப் பால். மனிதத் தாய் தன் நோயெதிர்ப்பில் ஒரு பங்கைக் கருவிலேயே பிள்ளைக்குக் கடத்திவிடுகின்றாள். செம்மறித் தாயின் நச்சுக்கொடி அதற்கு இடங்கொடாது. குட்டி வெறுங்கையோடு பிறக்கின்றது. முதற் பாலிலுள்ள எதிர்ப்புப் பொருள்களை அதன் குடல் அப்படியே உள்வாங்கும் வாயில் பிறந்து ஏறத்தாழ ஒரு நாளுக்குள் அடைபட்டுவிடும். முதற் சில மணித்தியாலங்களே மிகப் பெறுமதியானவை. கடும்புப் பாலைக் கறந்து காய்ச்சி உண்ணும் வழக்கம் மாடு வளர்ப்போரிடம் உண்டு. செம்மறியிடம் கறக்க அதிகமில்லை என்பது குட்டியின் அதிர்ஷ்டம்.

இரண்டு மூன்று கிழமையில் குட்டி தாயின் அருகில் நின்று புல்நுனியைக் கொறிக்கத் தொடங்கும். அந்தப் புல்லோடும் தாயின் உமிழ்நீரோடும் மண்ணோடும் நுண்ணங்கிகள் உள்ளே குடியேறும். அவை புல்லை நொதிக்கச் செய்வதால் உண்டாகும் அமிலங்கள்தாம் அசையூண் அறையின் சுவரைத் தூண்டி, உறிஞ்சும் முகைகளை அதில் முளைக்கச் செய்கின்றன. உண்பதனாலேயே உண்ணும் உறுப்பு உருவாகின்றது என்பது இயற்கையின் விந்தைகளுள் ஒன்று. எட்டுக் கிழமை அளவில் அறை ஒருவாறு தொழிற்படத் தொடங்கும். அதற்கு முன் பால் நின்றுபோனால், முழங்காலளவு புல் நின்றாலும் குட்டிக்கு அது வைக்கோற் படமே.

இதனோடு இன்னுமொரு மாற்றமும் நிகழ்கின்றது. உடல் உணவை ஆற்றலாகவும் தசையாகவும் மாற்றும் தொழிலை எமது பாடநூல்கள் அனுசேபம் என்னும். பால் குடிக்கும் குட்டிக்கு அவ்வாற்றல் பாலிலுள்ள வெல்லத்தினின்றும் கொழுப்பினின்றும் கிடைக்கின்றது. மேயும் ஆட்டுக்குக் குடலிலிருந்து வெல்லம் கிடைப்பது மிக அருமை. நுண்ணங்கிகள் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு நொதித்துவிடுகின்றன. அவை விட்டுவைக்கும் அமிலங்களுள் ஒன்றை எடுத்து ஈரல்தான் குளுக்கோசைப் புதிதாக ஆக்குகின்றது. மூளையும் வளரும் தசையும் அதனையே நம்பியிருக்கின்றன. ஆகவே வயிறு நிரம்பியிருப்பதும் உடல் உணவு பெறுவதும் ஒன்றல்ல. இவ்விரண்டுக்குமிடையே ஒரு நீண்ட வழியுண்டு. அவ்வழியில் எங்கு அடைப்பு ஏற்பட்டாலும் ஆடு புல்லின் நடுவே பட்டினி கிடக்கும்.

இஃது உருவகமன்று. அவுஸ்திரேலியாவில் இது நடந்தது. தென் அவுஸ்திரேலியாவின் சுண்ணாம்பு மணற் கரையோரங்களில் வெள்ளையர் செம்மறி விட்டு மேய்த்தபோது, நல்ல புல்லின் நடுவே ஆடுகள் உணவை வெறுத்து, கண்ணீர் வழிந்து, குருதி வெளிறித் தேய்ந்து மாண்டன. வளரும் குட்டிகளே முதலில் வீழ்ந்தன. உள்நாட்டு நிலத்துக்குச் சிலகாலம் ஓட்டிச் சென்றால் மீண்டும் தேறின. கரையோர நோய் என்று அதற்குப் பெயர் வைத்தனர். அத்தகைய தேய்வு மேற்கு அவுஸ்திரேலியாவிலும், நியூசீலாந்திலும், ஸ்கொத்லாந்திலும் கூட இருந்தது. இரும்புச்சத்துக் குறைவே காரணம் என்று பலர் எண்ணினர். இரும்புத் தாது கலந்த மண்ணைக் கொடுத்தபோது சில ஆடுகள் தேறவும் செய்தன. ஆனால் எல்லா இரும்பும் குணந்தரவில்லை. மேற்கு அவுஸ்திரேலியாவில் எரிக் அண்டர்வூட்டும் பில்மரும் அந்தத் தாதுவிலிருந்து இரும்பை நீக்கிவிட்டு எஞ்சியதைக் கொடுத்துப் பார்த்தனர். அப்பொழுதும் ஆடு தேறியது! இரும்போடு ஒட்டிவந்த கோபால்ற்று என்னும் உலோகத்தின் சுவடே மருந்து என்பது 1935இல் வெளியாயிற்று. அதேயாண்டில் அடிலெய்ட் நகரில் ஹெட்லி மாஸ்ரனும் அவரோடிருந்தோரும் வேறு வழியாக அதே முடிவுக்கு வந்தனர். ஓர் ஆட்டுக்கு நாளொன்றுக்கு வேண்டியது ஒரு மில்லிகிராமின் பத்திலொரு பங்களவு.

இவ்வளவு சிறிய பொருள் என்ன செய்கின்றது என்பது 1948இல் விற்றமின் பீ12 பிரித்தெடுக்கப்பட்ட பின்னரே தெளிவாயிற்று. அந்த விற்றமினின் நடுவில் ஒரு கோபால்ற்று அணு இருக்கின்றது. ஆட்டின் அசையூண் அறையிலுள்ள நுண்ணங்கிகள் புல்லிலுள்ள கோபால்ற்றைக் கொண்டு அவ்விற்றமினைச் செய்கின்றன. அது இல்லையேல், மேலே நாம் கூறிய அமிலத்தை ஈரல் குளுக்கோசாக மாற்ற முடியாது. மனிதரைக் கொன்றுவந்த ஒருவகைக் குருதிச்சோகைக்கும் அதே விற்றமின் மருந்தாயிற்று. கோபால்ற்றுக் குண்டு ஒன்றை ஆட்டின் வயிற்றில் நிலையாகக் கிடக்கவிடும் முறையை மாஸ்ரன் குழுவினர் 1958இல் வெளியிட்டனர்.

இக்கதையை நாம் வியப்புக்காகச் சொல்லவில்லை. தம் நாடு செம்மறியின் முதுகில் ஏறிச் செல்கின்றது என்று அந்நாட்டார் தாமே பேசிக்கொண்ட காலம் அது. கம்பளி மூலதனத்துக்கு ஆடு வேண்டியிருந்தது; ஆகவே அரசாங்கம் ஆய்வுகூடம் கட்டியது; வேதியியலாளர் ஆட்டின் சாணத்தையும் மண்ணையும் பல ஆண்டுகள் நிறுத்துப் பார்த்தனர். அந்தப் புல்வெளி ஆதிக்குடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதையும் சேர்த்துத்தான் அந்த விஞ்ஞானத்தைப் படிக்க வேண்டும். எமது குடாநாடும் சுண்ணாம்புக் கல்லின் மேற் கிடப்பது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கோபால்ற்று இருந்தாலும் புல் அதனை எளிதில் எடுத்துக்கொள்ளாது என்பது விஞ்ஞானிகள் ஒப்பிய உண்மை. தரவைப் புல்லில் ஒரு பிடியை அறுத்து அளந்து, முடிவைத் தமிழில் எழுதி, மேய்ப்பவர் கையிற் கொடுக்க எத்தனை ரூபா செலவாகும்? கால்நடை வைத்தியம் கற்பிக்கும் பீடம் இத்தீவில் பேராதனையில் மாத்திரமே இருக்கின்றது, கற்பிப்பது ஆங்கிலத்தில். அங்கிருந்து தரவைக்கு வரும் வழி மைல்களால் மட்டும் நீண்டதன்று.

மாணவனின் வீட்டு முற்றத்துக்குத் திரும்புவோம். அந்தக் குட்டி மறுநாள் இறந்தது. கால்நடை வைத்தியர் ஒருவர் எமது வேண்டுகோளுக்கிணங்கி மோட்டார் சைக்கிளில் வந்து, வீட்டின் பின்புறத்தில் சாக்கு விரித்து அதனை அறுத்துக் காட்டினார். மாணவனும் அவனுடைய தங்கையும் அருகில் நின்றனர். அனுப்பிவிடலாமா என்று வைத்தியர் எம்மை நோக்கினார், வேண்டாம் என்றோம். அசையூண் அறை புல்லால் நிரம்பியிருந்தது. குட்டி கடைசி நாள்வரை மேய்ந்திருக்கின்றது. தசை வெளிறி, குருதி தண்ணீர்போல் ஓடியது. நான்காவது அறையைத் திறந்து கழுவாமல் விரித்தபோது அதன் உட்சுவர் அசைந்துகொண்டிருந்தது. ஊசிநூல் தடிப்பில், விரலின் ஒரு கணுவளவு நீளத்தில் நூற்றுக்கணக்கான புழுக்கள். கூர்ந்து நோக்கினால் பெண்புழுக்களிலே சிவப்பும் வெள்ளையும் முறுக்கிக்கொண்டு ஓடுகின்றன. கோயில் மதிலின் காவியும் வெள்ளையும்போல இருக்கின்றது என்று தங்கை சொன்னாள். அந்தச் சிவப்பு ஆட்டின் குருதி. வெள்ளை அதனைச் சுற்றிக் கிடக்கும் புழுவின் சூலகம். உண்பதும் பெருகுவதுமாகிய இரண்டு தொழிலைத் தவிர வேறொன்று அறியாத உடல் அது.

வைத்தியர் கணக்கொன்று சொன்னார். ஒரு புழு நாளொன்றுக்கு உறிஞ்சும் குருதி ஒரு மில்லிலீற்றரின் இருபதிலொரு பங்கு. ஆயிரம் புழுக்களாயின் 50 மில்லிலீற்றர். 9 கிலோகிராம் நிறையுள்ள குட்டியின் உடலில் ஓடும் குருதி முழுவதும் முக்கால் லீற்றருக்கு மேற்படாது. அவ்வாறாயின் எத்தனை நாள் என்று கணக்கிடுமாறு அவர் மாணவனைக் கேட்டார். “இரண்டு கிழமை, சேர்” என்றான் அவன். குட்டியும் சும்மா இருப்பதில்லை; புதிய குருதியை ஆக்கிக்கொண்டேயிருக்கும். அதற்கு வேண்டிய புரதம், தசை வளர்க்க வந்த புரதத்திலிருந்தே போகவேண்டும். குருதியிலுள்ள புரதம் வற்றியதும் நீர் கசிந்து தாழ்வான இடத்திலே தேங்கும். குனிந்து மேயும் விலங்குக்குத் தாழ்வான இடம் தாடை. அந்தப் பையின் பொருள் அதுவே. கழிச்சல் இன்மையால் வயிற்று நோய் என்று எவரும் ஐயுறவில்லை. இப்புழு பெரும்பாலும் சாணத்தை இளக்குவதில்லை; ஆளைக் காட்டாத கள்ளன்.

பேர்த்தியாரின் வாக்கியத்துக்கு விளக்கமும் இதிலேயே கிடைத்தது. பெண்புழு நாளொன்றுக்கு 5000 முட்டை வரையில் இடும்; அவை சாணத்தோடு தரவையில் விழும். கோடையில் வெய்யில் அவற்றைச் சுட்டு அழித்துவிடுகின்றது. அக்காலத்தில் புழு தாயாட்டின் இரைப்பைச் சுவரில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு உறங்கிக் கிடக்கும். மழை விழுந்ததும் விழித்துக்கொள்ளும். குட்டி ஈன்ற காலத்தில் தாயின் எதிர்ப்புக் குன்றுவதால் முட்டை இன்னும் பெருகும். ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள நாளில் ஒரு கிழமைக்குள் முட்டையிலிருந்து வந்த இளம்புழு, பனித்துளியின் நீர்ப்படலத்தைப் பற்றிக்கொண்டு புல்லின் அடித்தண்டில் ஏறி நிற்கும். நிலத்தோடு சேர்ந்த இரண்டங்குலத்தில்தான் அவற்றுட் பெரும்பகுதி. செம்மறியோ வெள்ளாட்டைப்போல் எட்டிக் குழை கடிப்பதைவிட, நிலத்தோடு ஒட்டக் கறண்டி மேய்வதையே விரும்பும். உண்ட மூன்று கிழமையில் இளம்புழு முட்டையிடும் புழுவாகும். வளர்ந்த ஆடு ஓரளவு எதிர்த்து நிற்கப் பழகியிருக்கும். குட்டிக்கு அந்தப் பழக்கம் வர மாதங்கள் செல்லும். முல்லையின் பெரும்பொழுது என்று நாம் எழுதும் கார், பச்சைப் புல்லையும் அதன் அடியில் காத்திருக்கும் இந்தப் பசியையும் ஒன்றாகவே கொண்டுவருகின்றது.

வேறு இடர்களும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். பட்டியிலே கொழுத்து, பால் மிகுதியாகக் குடித்து, தளதளத்த புல்லை ஆவலோடு தின்னும் குட்டி திடீரென்று ஒரு காலையில் இறந்து கிடக்கும். குடலில் இயல்பாகவே வாழும் ஒரு பற்றீரியா, மிகையுணவு கண்டதும் பெருகி நஞ்சு சுரப்பதால் நேர்வது அது. கண்ணூறு என்ற எண்ணத்துக்கு இதைவிட வாய்ப்பான மரணம் இல்லை. ஏனெனில் வீழ்வது எப்பொழுதும் மிகச் சிறந்த குட்டி. தடுப்பூசியால் தவிர்க்கக்கூடிய நோய் இது. தைப்பொங்கலன்றும் கலியாண வீட்டு மறுநாளும் அன்போடு வைக்கப்படும் மிச்சச் சோறு இன்னொன்று. புல்லுக்குப் பழகிய நுண்ணங்கிகள் மாப்பொருளை வெறிகொண்டு நொதித்து அறை முழுவதையும் புளிக்கச் செய்துவிடும். தொடக்கத்திலேயே கண்டால் தண்ணீரிற் கரைத்த அப்பச்சோடா சில ஆடுகளை மீட்கும். கண்டுகொள்ளாவிட்டால் அன்பே நஞ்சாகும்.

புழுவுக்கு மருந்து இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 1961இல் தயபெண்டசோல் என்னும் மருந்து வந்தபோது பிரச்சினை தீர்ந்தது என்றே உலகம் நினைத்தது. 1964இல் அதற்கு அசையாத புழுக்கள் தோன்றிவிட்டன. பின்னர் வந்த மருந்துகளுக்கும் அதுவே கதி. மந்தை முழுவதற்கும் அடிக்கடி ஊற்றினால், மருந்தைத் தாங்கிய புழு மட்டுமே எஞ்சிப் பெருகுகின்றது. எமது நாட்டிலோ 2022இல் டொலர் வற்றியபோது மனிதருக்கான மருந்தே அருந்தலாயிற்று. ஆட்டுக்குப் பூச்சிமருந்து வாங்கச் சென்றவர் வெறுங்கையோடு திரும்பினர். கிடைத்த சிறிது மருந்தை நீர் கலந்து எல்லாக் குட்டிக்கும் பகிர்ந்தவரும் உண்டு. ஏழைமையின் நியாயம் அது. ஆனால் அரைகுறை அளவு புழுவைக் கொல்லாது பழக்கிவிடும்.

இவ்விடத்தில் தென்னாபிரிக்கரின் ஒரு கண்டுபிடிப்பைப் போற்றாதிருக்க முடியாது. 1990களில் அந்நாட்டுக் கால்நடை வைத்தியர் சிலர், ஆட்டின் கீழிமையை இழுத்துப் பார்த்து அதன் உட்புற நிறத்தை ஓர் அட்டையிலுள்ள ஐந்து நிறங்களோடு ஒப்பிடும் முறையை வகுத்தனர். பமாச்சா என்பது அதன் பெயர். சிவந்திருந்தால் மருந்து வேண்டாம், வெளிறியிருந்தால் வேண்டும். ஒரு மந்தையின் புழுக்களிற் பெரும்பங்கு சில ஆடுகளிடத்தேதான் இருக்கும். அவற்றை மட்டும் கண்டு மருந்தூட்டினால் மருந்தும் மிஞ்சும், மருந்தின் வலிமையும் நிற்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் செய்யத்தக்கது. மாணவனின் தங்கை இதனை ஒரே நாளிற் கற்றுக்கொண்டாள். அப்பியாசப் புத்தகத்தில் ஒவ்வோர் ஆட்டுக்கும் ஒரு வரி. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஓர் எண். ஐந்தாம் எண் விழுந்த குட்டிக்குச் சிவப்பு மையால் வட்டம். அந்த மாரியில் அவர்களுடைய பட்டியில் பதினொரு குட்டிகளுள் மருந்து பெற்றவை நான்கு, இறந்தது ஒன்று.

ஆனால் மருந்தும் அட்டையும் பாதிதான். புழு வாழும் இடம் நிலம். 1990களில் ஈரமிகுந்த பசிபிக் தீவுகளில் ஆடுகளைக் கொண்டு செய்த பரிசோதனையொன்று, மேய்ச்சல் நிலத்தைப் பத்துத் துண்டாக்கி ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் மேய்த்தால், முதற் துண்டுக்குத் திரும்பும்போது அங்கிருந்த இளம்புழுக்களிற் பெரும்பாலானவை உணவின்றி இறந்திருக்கும் என்று காட்டியது. வெப்பநாட்டில் அவை விரைவிலே தம் சேமிப்பைத் தீர்த்துவிடுகின்றன. செலவில்லாத வைத்தியம்! ஆயின் அதற்குப் பத்துத் துண்டு நிலம் வேண்டும். எங்கே இருக்கின்றது?

மூத்தவர்கள் காட்டும் எல்லைகளைக் கொண்டு பார்த்தால், எமது பாடசாலையைச் சார்ந்த தரவை அவர்கள் இளமையிற் கண்டதன் பாதியும் இல்லை. ஒரு பக்கம் முட்கம்பி. ஒரு பக்கம் மதில். ஒரு பக்கம் கட்டடத்துக்காகக் கொட்டிய மண். குடாநாட்டின் வேறு பகுதிகளில் உயர் பாதுகாப்பு வலயம் என்று மூடப்பட்ட காணிகள், யுத்தம் முடிந்த 2009க்குப் பின்னும் பல ஆண்டுகள் மூடியே கிடந்தன. அங்கு மேய்ந்த ஆடுகள் எஞ்சிய வெளிகளில் வந்து சேர்ந்தன. நிலம் சுருங்க, அதே புல்லடியில் அதே ஆடு நாள்தோறும் வாய் வைக்கின்றது. ஒரு பிடி புல்லில் இருக்கும் புழு பெருகுகின்றது. ஆகவே அந்தக் குட்டியின் வயிற்றில் நாம் கண்டது புழு மட்டுமன்று. வேலியும் அங்கே இருந்தது. மேய்க்கத் தெரியாதவர் என்று பேர்த்தியாரைப் பழித்தவருள் ஒருவர் தரவையின் தெற்கு மூலையை அடைத்தவர் என்பதை ஊரே அறியும்.

சென்ற ஆவணியில், மழைக்கு முன், பட்டிக்காரர் பாடசாலை மண்டபத்திற் கூடினர். வைத்தியரும் வந்திருந்தார். பத்துத் துண்டு என்ற பேச்சே எழவில்லை. இருப்பதை மூன்றாகப் பிரிக்க முடியுமா என்பதே கேள்வி. பனஞ்சிராம்பு நட்டு எல்லை காட்டலாம் என்றார் ஒருவர். வெள்ளம் வந்தால் எந்தச் சிராம்பு நிற்கும் என்றார் மற்றவர். பனி உலரும்வரை பட்டியைத் திறப்பதில்லை, அதுவரை சீமைக்கிளுவைக் குழை கட்டிவிடுவது என்பதில் பெண்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டனர்; குழை முறிக்கப் போவது யார் என்பதில் வீடுதோறும் விவாதம் நடந்ததாகப் பின்னர் அறிந்தோம். மேற்குத் துண்டை ஐப்பசி தொடங்கிக் கார்த்திகை நடுப்பகுதிவரை வெறுமையாக விடுவதென்றும், பின் அதிற் குட்டிகளையும் தாய்களையும் முதலில் விடுவதென்றும் ஆறு பட்டிக்காரர் உடன்பட்டனர். ஏழாமவருக்குக் குட்டி இல்லை, கிடாய்கள் மட்டுமே. தமக்கு அதனால் என்ன நன்மை என்று அவர் கேட்டார். பேர்த்தியார் அவருக்கு நெடுநேரம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். நாம் மண்டபக் கதவைப் பூட்டும்போதும் அவர் இன்னும் இணங்கவில்லை.